பச்சோந்தி முட்டைகளுக்கு ஊற்றிய தண்ணீர்

இன்று காலை பக்கத்து வளவில் பூஞ்செடிகளுக்கென்று தேங்காய்த் தும்புத்தூள் மூட்டைகளை இறக்கினார்கள். ஒன்று கிழிந்து, ஈரத் தூளின் வாடை என் அறை வரை வந்தது. யன்னலைச் சாத்தினேன். பிறகு திறந்தேன். அந்த வாடை எதுவென்று தெரிந்த இன்னொருவன் நீதான்.

யுத்தம் முடிந்து கடற்கரை மண்ணுக்கு விலை ஏறிய காலம். ஆலங்குடாவில் வாப்பாவின் காணியை என் கூடப்பிறந்த நானா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹோட்டல்காரருக்கு விற்றார். நான் அவரோடு கதைப்பதை விட்டேன். அவருக்காகப் பேச வந்த சொந்தங்களோடும் விட்டேன். ஒருவரையும் இன்னும் மன்னிக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து போனது, என்னோடு விஞ்ஞானம் படிப்பித்த நீ ஒருவன்தான். காணியில் பற்றை வெட்டிய இயந்திரம் கிளறிப்போட்ட பச்சோந்தி முட்டைகளை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஏந்திக்கொண்டு வந்தாய்.

"இந்தா மச்சான், உன்ட காணியில மிஞ்சினது. இதையாவது விக்காம வெச்சிக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். முட்டை புரளக்கூடாதென்று ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாய். கடலோரக் களப்பில் ஊறிய மட்டையின் தும்புத்தூளை நனைத்துப் பிழிந்து, அதில் முட்டைகளைப் பாதியளவு புதைத்தோம். பொரிக்க மாதக் கணக்காகும் என்றாய். பின்னேரம் தோறும் வந்தாய்.

முட்டைகளில் குழி விழத் தொடங்கியது. காய்ந்துவிட்டது என்று நான் கிணற்றுத் தண்ணீர் தெளித்தேன்.

"ஊத்து, இன்னும் ஊத்து. முட்டைக்கு நீச்சல் பழக்கிறியா?"

நீ மூடியைத் திறந்து காயவிடுவாய். நீ போனதும் நான் மறுபடி தெளிப்பேன். தூள் ஈரமாகவே இருந்தும் முட்டைகள் சுருங்கின. ஒருநாள் பொறுமை இழந்தாய். "யார் சொன்னாலும் உனக்கு ஏறாது. அதான் ஒத்தரும் இங்க வாறதில்ல." நான் வாசலைக் காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "நாளைக்கும் வருவன். உனக்கில்ல, முட்டைக்கு."

மறுநாள் விடியப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். மாரடைப்பு. உன் ஜனாஸாவைத் தூக்கியவர்களில் நானாவும் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தேன். தூள் ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. களப்பின் உப்பு, அதன்மேல் நான் ஊற்றிய சவர்க் கிணற்றின் உப்பு. உப்புள்ள பக்கத்துக்கு நீர் இழுபடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய இருவருக்கும் அது தோன்றவில்லை. பிழை ஈரம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அந்த உப்பு ஈரமே முட்டைக்குள் இருந்த நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

தூளை மழைத் தண்ணீரில் அலசி அலசிப் பிழிந்தேன். சில முட்டைகள் அழுகின. மற்றவை மெல்ல உப்பின. கடைசியில் குஞ்சுகள் வந்தன; என் விரலை இறுகப் பற்றிக்கொண்டு, ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் வேறெங்கோவும் பார்த்தன. ஹோட்டல் வேலிக்கு வெளியே மிஞ்சியிருந்த பற்றையில் விட்டேன்.

"என்ன சேர், காணி பாக்க வந்தீங்களா?" என்றான் காவலாளி.

"ஓம்," என்றேன்.

நானா மீதுள்ள கோபத்தை விட எனக்கு மனமில்லை. உன் மீதும் ஒன்று இருக்கிறது. நாம் இருவருமே பிழை என்று நான் கண்ட அன்று, அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க நீ இல்லை. உப்பு என்ற அந்தப் பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.