தேக்குத் தரைக்கு அடியில் ஓர் ஆணி

இன்று ஓமானின் ஜபல் அக்தர் மலைமேல் அந்தப் பழைய வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தேன். கதவு ஒன்று இறுகிப்போய்விட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஷூவைக் கழற்றிக் கூடத்தில் கால் வைத்ததும் உள்ளங்காலில் இதமான சூடு ஏறியது, கூடவே சூடான தேக்கின் வாசனை. உளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது.

"கோடை முழுக்க வெயில்ல வெந்தது பத்தாதுன்னு தரைக்கு அடியில அடுப்பு வைக்கச் சொல்லுதான் பாரு மக்கா!" என்று பல வருஷத்துக்கு முன், இங்கே வேலை தொடங்கிய முதல் நாளே சிரித்தாய். மலைக்குளிருக்குத் தரைச்சூடு வேண்டும், ஆனால் வீடு கட்டிய நாளில் போட்ட பலகை ஒன்றுகூட மாறக்கூடாது என்பது வீட்டுக்கார அரபியின் கட்டளை. தச்சன் நான், பலகைகளுக்கு எண் போட்டுப் பெயர்த்தேன். பிளம்பர் நீ, கீழே சட்டங்களுக்கு நடுவே வெந்நீர்க் குழாயை ஓட்டினாய். குழாய் சட்டத்தைக் கடக்கும் இடமெல்லாம் நீலச் சாக்பீஸால் கோடு கிழித்தாய். "இங்க மட்டும் ஆணி அடிச்சிராத, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாய்.

பலகைகளைத் திரும்பப் பொருத்தி முடிக்கும் நாள். மறுநாள் நம் இருவருக்கும் திருவனந்தபுரம் விமானம். உனக்குக் கிறிஸ்துமஸ், என் மனைவிக்குத் தலைப்பிரசவம். கை பரபரத்தது. உன் கோட்டின் மேலேயே அடித்துவிட்டேன். அழுத்தம் ஏற்றி வைத்திருந்த குழாயில் கேஜ் முள் மளமளவென்று இறங்கியது. ஃபோர்மேன் ஓடிவந்தார். தப்பு செய்தவன் இருந்து சரிசெய்துவிட்டுத்தான் லீவில் போகலாம் என்றார். "மேரா கல்தி பாய்", என் தப்புதான் என்று நீ முந்திக்கொண்டு பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை.

மகள் பிறந்த அன்றே அவளைத் தூக்கினேன். நீ கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க் கிறிஸ்துமஸ் திருப்பலியைப் போனில் கேட்டதாக அறையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். நான் திரும்பி வந்ததும் மகள் போட்டோவைப் பிடுங்கிப் பார்த்து, "நல்லவேள, ஒன்ன மாதிரி இல்ல" என்றாய். ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பேச்செடுக்க எனக்கும் தைரியமில்லை.

மலையிலிருந்து மஸ்கட் ரூவிக்கு இறங்கி வந்ததும் உன் மனைவிக்குப் போன் செய்தேன். "தங்கச்சி, அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வராததுக்கு நான்தான் காரணம்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அவிய அன்னைக்கே சொல்லிட்டாவ அண்ணே. 'அவனுக்கு மொதப் புள்ள, போவட்டும். அவனே ஒருநாள் ஒங்கிட்ட சொல்லுவான், அதுவரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத'ன்னாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெட்கமும் நீ என்மேல் வைத்த நம்பிக்கையும் இனி என்னோடுதான் இருக்கும். நீ நினைத்த ஆளாக ஆவதற்கு எனக்கு இத்தனை வருஷம் பிடித்ததடா. கேட்கத்தான் நீ இல்லை.