கடிதத்துக்கும் பஸ் மாறுவதற்கும் ஒரே சொல்

என்ரை அக்கா,

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. காதுக்குப் பின்னால் தொடங்கிய செம்புள்ளிகள் இப்போது மார்பிலும் வந்துவிட்டன. நீ போன பிறகு பிறந்தவன், ஆனால் மூக்கு உன்னுடையது. தடுப்பூசி போடும் வயது இன்னும் வரவில்லை.

சுகாதார ஆலோசனை இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். சின்னமுத்தாக, அதுதான் தட்டம்மையாக, இருக்கலாம், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், மற்றவர்களுக்குத் தொற்றும், பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏற்ற வேண்டாம், உங்கள் காரில் வாருங்கள் என்றாள் தாதி. கார் இல்லை என்றேன். பிறகு அதே வசனத்தைத் திரும்பவும் சொன்னாள்.

டாக்சிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன், போனை வைத்துவிட்டார். மாதா கோயிலில் பழக்கமான ரெஜினாக்காவிடம் கார் இருக்கிறது. "கோவிக்காதையும் பிள்ளை, எங்கட வீட்டிலையும் கைக்குழந்தை கிடக்கு" என்றா. எப்படிக் கோபிப்பது?

"பேசாமல் பஸ்ஸில ஏறுவம். போர்வையால மூடினால் ஆருக்குத் தெரியும்?" என்றார் இவர்.

"அக்காவும் பஸ்ஸிலதானே போனவ" என்றேன்.

எடுத்த போர்வையை அவர் திரும்ப மடித்து வைத்தார்.

கொரோனாவில் ஊரே கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, முதியோர் இல்ல வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாய். கார் இருந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். பஸ் நிறைய உன்னைப் போன்றவர்கள். உன்னைக் கொண்டுபோனது இல்லத்தில் தொற்றியதா, பஸ்ஸிலா? யாருடைய இருமல், அக்கா?

வந்த புதிதில் பஸ் சாரதி "கொரஸ்பொந்தான்ஸ்?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? பிரெஞ்சு வகுப்பில் அதற்குக் கடிதப் போக்குவரத்து என்று மட்டும்தான் படித்திருந்தாய். 'நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை' என்று அழாக்குறையாகச் சொன்னாயாம். பஸ் மாறவும் அதே சொல் என்று தெரிந்ததும், "இந்த ஊரில தபால்காரனும் பஸ்காரனும் ஒண்டடி" என்று வயிறு நோகச் சிரித்தாய்.

இதோ, என் கொரஸ்பொந்தான்ஸ். எந்தப் பஸ் மாறினால் இது உன்னிடம் வரும்?

சென்ட் லோரன்ட் வீட்டிலிருந்து கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரமா? பனிக்குள் தள்ளுவண்டி உருளாது. வழியில் அவனுக்கு மூச்சு முட்டினால்? பஸ்ஸில் ஏற்றிவிடு, ஏற்றிவிடு என்று மனம் கிடந்து கத்துகிறது.

ஏற்றமாட்டேன் அக்கா. இவரும் நானும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடப்போம். எங்களைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் உன்னைப்போல ஒருத்தி வேலைக்குப் போவாள். அவள் பின்னேரம் வீட்டுக்கு வரவேண்டும். உன்மேல் ஆணை.

நீ அவனைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி,
நீ தூக்காத உன் பெறாமகனின் அம்மா