ஷெல்பி கைக்கு வந்த நூறு டாலர்

ராய்ஸ்,

நானும் உன் மக கேலியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். அவ அம்மா ஷெல்பி அப்படி இல்லை, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, உறிஞ்சுகுழாயிலதான் சூப்பு. நீ அங்க டகோட்டா எண்ணெய்க் கிணத்துல நல்லா இருக்கியான்னு கேக்க இந்தத் தடவை எனக்கு மனசு வரலை, ஆனாலும் குளிருக்குக் கையுறை போட்டுக்கோ, பெத்த பாவம், எழுதிட்டேன்.

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தப்ப கேலியோட பூட்ஸை டேப் போட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தே. குழந்தைக்குன்னு மாசம் நானூறு டாலர் என் சம்பளத்துல பிடிக்கிறாங்களே, எங்கடி போகுதுன்னு ஷெல்பியைப் பார்த்துக் கத்தினே. என் கைக்கு நூறுதான் வருது, மீதியை அரசாங்கம் எடுத்துக்குதுன்னு அவ சொன்னா. பொய்யாடி சொல்றேன்னு முடியைப் பிடிச்சு இழுத்து, சோள ரொட்டி சுட்ட இரும்புச் சட்டியாலயே முகத்துல அடிச்சியேடா, பாவி! ரெண்டு பல்லு தரையில தெறிச்சுது. குறுக்க வந்த என்னைச் சுவத்துல மோத விட்டே. கேலி மேசைக்கடியில நனைஞ்ச பாவாடையோட நடுங்கிக்கிட்டு இருந்தா, நீ வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டே.

இதுல என் பங்கும் இருக்கு. அவ புது போன் வெச்சிருக்கா, எல்லாம் உன் காசுன்னு உனக்கு வத்தி வெச்சவ நான்தானே. அது அவ அக்கா தூக்கிப் போட்ட பழைய போன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அவளால பேச முடியலைன்னு, அவ அரசாங்க உதவிப்பணம் வாங்குற ஆபீசுக்கு நானே போய்க் கேட்டேன். குடும்பம் உதவி வாங்குற வரைக்கும் அப்பன் கட்டுற காசுல நூறு டாலர் அவங்களுக்கு, மீதி கொடுத்த உதவிக்கு ஈடா அரசாங்கத்துக்கு, அப்படி எழுதிக் கொடுத்தாத்தான் உதவியேன்னு அந்தப் பொம்பளை தாளைக் காட்டினா. அடக் கடவுளே, ஷெல்பி சொன்னது அத்தனையும் நிஜம்! அதே தாள்ல இன்னொரு கேள்வி, குழந்தையோட அப்பனால ஆபத்து உண்டா, உண்டுன்னா அவன்கிட்ட காசு கேட்டுப் போக மாட்டோம்னு. ஷெல்பி இல்லைன்னு குறி போட்டிருந்தா. திரும்பி வந்து, ஏன்டி அப்படிப் போட்டேன்னு அவகிட்ட கேட்டேன். ராய்ஸ் அப்படிப்பட்டவன் இல்லைன்னு நினைச்சேன்னு சீட்டுல எழுதிக் காட்டினா.

ஷெரிஃபோட போலீஸ் ஆள் வந்து விசாரிச்சப்ப, உனக்குப் பயந்து, படியில விழுந்தேன்னு எழுத ஆரம்பிச்சா. தாளைப் பிடுங்கி, கண்ணால பார்த்ததை முழுசா எழுதி நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னைப் பிடிக்க வாரண்டு போட்டாச்சு.

கிறிஸ்துமஸுக்கு வராதே. ரெண்டு பேரும் என்கூடத்தான் இருக்காங்க, பூட்டை மாத்தியாச்சு. உங்கப்பாவோட மான் வேட்டைத் துப்பாக்கி கதவுக்குப் பின்னாடி குண்டு போட்டபடி நிக்குது, என் குறி தப்பாதுன்னு உனக்கே தெரியும். கர்த்தர் உனக்கு ஆயுசைக் கொடுக்கட்டும், புத்தியையும் கொடுக்கட்டும். அவங்க தேடி வர்றதுக்குள்ள நீயே போய்ச் சரணடைஞ்சிடு, மறந்துடாதே. கேலி உன்னைப் பத்தித் தினமும் கேக்கிறா, அப்பா இங்க வரமாட்டாருல்ல பாட்டின்னு.

உன்னைப் பெத்தவ,
வெர்னா