பெட்டிமேல் மூன்று எழுத்து

தைனான், தைவான்
3 ஏப்ரல் 1974

என் அன்புத் தோமிக்கு,

உன் தம்பி மொரிஹிதே கேட்டிருந்த விரியன்கள் இன்று கப்பலேறிவிட்டன. அவன் கடையில் சாராயத்தில் ஊறப்போட எட்டுப் பெட்டி. அதோடு கூடுதலாக நான்கு பெட்டி, என் வீட்டுக்காரரின் அன்பளிப்பு. அவருக்குப் பாம்பு பிடிக்கத்தான் வரும், எழுத வராது. அவர் ஒவ்வொரு பாம்பின் பெயராகச் சொல்லச் சொல்ல, நான் தூரிகையால் பெட்டிமேல் எழுதினேன். "இவ்ளோ அழகா எழுதறியே, பாம்பா படிக்கப் போகுது?" என்று கேலி வேறு.

போர் முடிந்து, ஜப்பான் ஆட்சி போய், நீங்கள் இங்கிருந்து கிளம்பி இருபத்தெட்டு வருஷமாகிறது. ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா? லிச்சி பழுக்கும்போதாவது வா. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானாம்.

உன் பிக்லியன்

நஹா, ஒகினாவா
21 ஏப்ரல் 1974

பிக்லியனுக்கு,

மொரிஹிதே போய்விட்டான்.

மேலே இருந்த பெட்டியில் நீ எழுதியிருந்த மூன்று சீன எழுத்தை 'ஹாபு' என்று படித்தான். இங்கே அதை அப்படித்தான் படிப்போம். ஹாபு எங்கள் ஊர் விரியன். "ஹாபுதான்க்கா" என்று மூடியை நீக்கிவிட்டு, கடைக்கு வந்தவர் யாரோ கூப்பிட, திரும்பினான். மணிக்கட்டில் கடித்துவிட்டது. மூடியை அறைந்து சாத்திவிட்டுச் சிரித்தான். "ஹாபு கடி எனக்கென்ன புதுசா? ரெண்டு தடவ பொழச்சவன் நான்."

ஆஸ்பத்திரியில் என்ன பாம்பு என்று கேட்டார்கள். பெட்டிமேல் இருந்ததைச் சொன்னேன். கை வீங்கியிருந்தது, ஹாபு மருந்தையே போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கியது. "அக்கா, நீ ரெண்டா தெரியற" என்றான். பிறகு நாக்கு புரளவில்லை. சாயங்காலம் மூச்சு நின்றது.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது அது படமெடுத்து நின்றது. நல்ல பாம்பு! இந்தத் தீவிலேயே கிடையாது. தெரிந்திருந்தால் மத்தியான விமானத்தில் உன் ஊரிலிருந்தே மருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர்.

நம் வகுப்பில் ஜப்பானிய மொழியில் முதல் மதிப்பெண் உனக்குத்தான். அதை இங்கே எப்படிப் படிப்போம் என்று உனக்குத் தெரியாதா?

யொனாமினே தோமி

தைனான்
2 மே 1974

தோமி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் வலையையும் கவைக்கோலையும் தூக்கி எறிந்துவிட்டார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சோற்றகப்பை மாதிரிப் படம் விரிப்பதால் நாங்கள் நல்ல பாம்பை அந்த மூன்று எழுத்தால் எழுதுகிறோம். அது என் அம்மா பேசிய பேச்சு. பள்ளியில் எந்தப் பாடத்திலும் ஹாபு வரவில்லை. நீ சொல்லித் தந்திருக்கலாம். ஆனால் நீ உன் ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லாவது எங்கள் முன் பேசினாயா? வகுப்பிலிருந்த டோக்கியோக்காரப் பெண்கள் சிரிப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாய். எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் உனக்கு அத்தனையும் தெரியும்.

கேட்கக்கூடாது, இருந்தாலும் கேட்கிறேன். பதினாறு வயதுவரை இங்கே வளர்ந்தவள் நீ. அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

பிக்லியன்

நஹா
19 மே 1974

பிக்லியனுக்கு,

தோன்றியது.

பார்க்கவும் செய்தேன். அவன் திரும்பியிருந்தான், நான் பார்த்தேன். மூடி விலகிய இடத்தில் அது கழுத்தை விரித்துக்கொண்டு எழுந்தது. டாக்சியில் போகும்போது உங்கள் சொல் என் வாய்வரை வந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கியோ டாக்டர், சுற்றிலும் நர்சுகள். "என்ன பாம்பும்மா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார். தைவான்காரர்கள் இதை வேறு மாதிரிப் படிப்பார்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதியிருப்பதுதான் சரியாக இருக்கும், என் கண்தான் ஏமாந்தது என்று நினைத்துக்கொண்டு 'ஹாபு' என்றேன்.

தம்பி மனைவியிடம் நீ தப்பாக எழுதிவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அவள் உன்னைச் சபிக்காத நாளில்லை. "அந்தத் தைவான்காரி கை அழுகணும்" என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். அவளோடு ஒரே வீட்டில்தான் நான் கிடந்து சாகவேண்டும். அதனால் அது அப்படியே இருக்கட்டும்.

இதைக் கிழித்துப் போடு. இனி எழுதாதே. எழுதினால் அவள் பிரிக்காமல் அடுப்பில் போடுவாள். நான் தடுக்கமாட்டேன்.

தோமி