ஜன்னல் கிரில்லில் பன்னிரண்டு முட்டைகள்

அக்கா,

நேற்று மாலை என் மகள் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டினாள். கடையில் வாங்கிய புது கிரில். செய்முறையை யாரோ சொல்லியிருக்கிறார்கள்: வேகவைத்து உரித்த முட்டையைச் சுற்றி சாசேஜின் பன்றிக் கொத்துக்கறியைப் போர்த்திக் கனலில் சுட வேண்டும். முதல் சொட்டுக் கொழுப்பு கரியில் விழுந்து சுர்ரென்றது. மிளகும் பூண்டும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசிக்கவில்லை. மாடிப்படி எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தேன்.

"என்னப்பா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் மகள். புகை என்றேன். உங்களைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சுனாமி வந்து மூன்று மாதம் கழித்து அந்த ஈஸ்டர் வந்தது. இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் பல வருடம் சமைத்தவர் நீங்கள். கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரு படகு உங்களைச் சுவரோடு வைத்து நசுக்கியது. இடது தொடைக்குள் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார்; ஈஸ்டரன்றும் போயிருந்தார். மரக்காணத்துக்குத் தெற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் போட்டிருந்த தார் ஷீட் கொட்டகைகளில் கடைசி உங்களுடையது. செய்தி சேகரிக்க வாரம் ஒருமுறை வந்த என்னிடம், "ஈஸ்டருக்கு வாங்க சார், கிரில் முட்டை போடுறேன்" என்றீர்கள். எனக்குத் தெரிந்த கிரில் ஜன்னலில் இருப்பது மட்டும்தான்.

வந்து பார்த்தால் அதுவேதான். இடிந்த உங்கள் வீட்டின் ஜன்னல் கிரில்லை மணலிலிருந்து தோண்டி எடுத்து, இரண்டு முறை தீயில் போட்டுப் பெயின்டை எரித்து, சாம்பலால் தேய்த்து, நான்கு செங்கல் மேல் வைத்திருந்தீர்கள். கீழே சவுக்குக் கரி.

"வீட்ல மிச்சம் இது ஒண்ணுதான் சார். சும்மா கெடக்குதேன்னு அடுப்புல வெச்சிட்டேன்."

ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே வேலை செய்தீர்கள். விடுதியிலிருந்து வந்த சாசேஜின் தோலைக் கீறிக் கறியைப் பிதுக்கினீர்கள். கையை நனைத்துக்கொண்டு அதை உள்ளங்கையில் தட்டி, நடுவில் முட்டையை வைத்து மூடினீர்கள். "ஒரு ஊசி முனை எடம் வுட்டாலும் வெடிச்சிக்கும்" என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தீர்கள். கொட்டகைக்கு ஒன்று என்று பன்னிரண்டு முட்டைகள். நேர் கனலில் வைக்காமல் ஓரமாக அடுக்கி, மேலே ஓர் அலுமினிய பேசினைக் கவிழ்த்தீர்கள்.

என்னால் கடலுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. அந்த மாதங்களில் இரைச்சல் கூடினாலும் பயம், அடங்கினாலும் பயம். என் மோட்டார் சைக்கிளை ரோட்டைப் பார்த்து நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டிருந்தேன். நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

"இன்னா சார், ஓடுறதுக்கு ரெடியா நிறுத்தியிருக்கீங்க?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பரவால்ல. எல்லாருக்கும் அதே பயந்தான்." பேசினைத் தூக்கி ஒரு முட்டையைத் திருப்பினீர்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "எனக்குத் தண்ணிகூட பயமில்ல சார். அது வர்றப்ப எல்லாரும் போயிட்டு நான் மட்டும் இங்க குந்தினு இருப்பேன் பாருங்க, அதான். ராவும் பகலும் அதேதான் கண்ணுல நிக்குது."

"நான் இருக்கேனில்ல? வண்டி இருக்குது. பின்னாடி ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நம்பினீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கொட்டகை வரிசையின் மறுகோடியிலிருந்து, அங்கே குடியிருந்த செல்வியின் குரல் வந்தது. உங்களுக்குத் தெரியும், அவள் குரல் எப்போதுமே கூப்பாடுதான்.

"தண்ணி வந்துடுச்சி! ஏய், தண்ணி வந்துடுச்சி!"

அதன் பிறகு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒருத்தி குழந்தையை இடுப்பில் அள்ளினாள். சோற்றுப் பானை உருண்டது. எல்லோரும் மேற்கே ஓடினார்கள். நான் கடலைப் பார்க்கவில்லை. உங்களையும் பார்க்கவில்லை. வண்டியில் ஏறினேன், உதைத்தேன், கிளம்பினேன். நீங்கள் "சார்" என்று ஒரு முறை கூப்பிட்டது காதில் விழுந்தது. இரண்டாம் முறை கூப்பிடவில்லை. பின் சீட் காலியாக இருந்தது.

ரோட்டில் ஏறியதும் எதிரே நின்றது குடிநீர் லாரி. கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால் தினமும் சாயங்காலம் வரும் லாரி. அன்று பண்டிகை என்று டிரைவர் மத்தியானமே வந்துவிட்டார். செல்வி சொன்ன தண்ணி அது. அவள் இரண்டு குடங்களோடு லாரிக்குப் பக்கத்தில் நின்றபடி, எல்லோரும் ஏன் இப்படி ஓடி வருகிறார்கள் என்று விழித்தாள். "அடிப்பாவி, லாரின்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று ஒருத்தி அவள் முதுகில் அறைந்தாள். அறைந்தவளே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கொட்டகைகளை நோக்கி நகர்ந்த லாரிக்குப் பின்னால் நான் திரும்பி வந்தேன். அந்த இருநூறு அடிதான் என் வாழ்நாளில் நான் போன மிக நீளமான தூரம். நீங்கள் அதே பெஞ்சில் இருந்தீர்கள். பேசின் பக்கத்தில் கிடந்தது. பன்னிரண்டு முட்டைகளும் பொன் பழுப்பாக, ஒன்றுகூடக் கருகாமல் இருந்தன. தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இடுக்கி இன்னும் கையில் இருந்தது.

செல்வி மூச்சிரைக்க வந்தாள். "ஏங்க்கா, உன்ன வுட்டுட்டு சாரு வண்டில பறந்துட்டாராமே?"

"ஏய், வாய மூடு. நான்தான் அனுப்புனேன். இன்னா ஏதுன்னு பாத்துட்டு வாங்கன்னு."

"அதான பாத்தேன்" என்றாள் செல்வி. அன்று முழுக்க எனக்கு நல்ல பெயர். முட்டையை இரண்டாக அரிந்து முதல் தட்டை என்னிடம் நீட்டினீர்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கறிச்சாறு, நடுவில் மஞ்சள் கரு லேசாக நெகிழ்ந்திருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று விழுங்கினேன்.

அன்று அலுவலகத்துக்கு அனுப்பிய செய்தியில், "வதந்தியால் மக்கள் ஓட்டம், சிலர் வாகனங்களில் தப்பினர்" என்று எழுதினேன். அந்தச் சிலர் நான் ஒருவன்தான். அங்கே வேறு வாகனம் கிடையாது. என் செய்தியில் பிழை இருக்காது என்று பெயர் வாங்கியவன் நான்.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைகளில் தண்ணி என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். "லாரி" என்றார்கள். அடுத்த வாரம் நான் வந்தபோது நீங்கள் டம்ளரை நீட்டி, "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் லாரி குடிங்க சார்" என்றீர்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஓடிய பேச்சை மட்டும் நாம் இருவரும் எடுக்கவில்லை.

மறுவருடம் உங்களுக்குப் புது வீடு வந்தது. பார்க்க வந்தேன். ஜன்னலில் அதே கிரில். சுவரெல்லாம் மஞ்சள், கம்பி மட்டும் அடுப்புக் கறுப்பு. "பெயின்ட் அடிக்கலையாக்கா?" என்றேன். "இருக்கட்டும்" என்றீர்கள். அப்போது நீங்கள் தடி ஊன்றி நடந்தீர்கள். வாசல்வரை வந்தீர்கள். வண்டியில் ஏறாமல் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"வுடுங்க சார். காலு இருந்தா நானுந்தான் ஓடியிருப்பேன்." என் வண்டியைப் பார்த்தீர்கள். "ஆனா பொய் சொல்லக் கூடாது இல்ல? இப்பவும் யாராவது தண்ணின்னு கத்துனா எனக்குக் கடல் ஞாபகத்துக்கு வர்றதில்ல. காலியா போற அந்தப் பின் சீட்டுதான் வருது."

திட்டுவதுபோல் சொல்லவில்லை. நான் பேச்சை எடுத்தேன் என்பதற்காகச் சொன்னீர்கள். பிறகு பல வருடம் கழித்து, சர்க்கரை நோயில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியை உங்கள் வீட்டுக்காரர் போனில் சொன்னபோது, கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் இருந்தோம் சார்" என்றார். மறுபடியும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நேற்று மகள் முட்டையை அரிந்து தட்டில் வைத்த நேரத்தில், கீழ் வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்: "தண்ணி வந்துடுச்சி, மோட்டார் போடுங்க!" நான் எழுந்து நின்றுவிட்டேன். தட்டு மடியிலிருந்து விழுந்தது. பிறகுதான், எல்லோரும் சேர்ந்து மேலே தூக்கி வந்து எதிரே சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்த என் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். போய் அவர் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன சம்பந்தி, கீழ போகணுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

எங்கே போனாலும் இப்படித்தான், அக்கா. முதலில் வெளியே போகும் வழியைப் பார்க்கிறேன். அதற்கு அப்புறம்தான் ஓட முடியாதவர் யார் என்று தேடுகிறேன். இந்த வரிசை இன்னும் மாறவில்லை.