பரமண்ணையின் கல்வெட்டில் ஒரு வரி

மாசி 10, திங்கள்

பனி. எட்டு மணி வரை என் வாழைத்தோட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. வாங்க வேண்டியவை: உப்பு, கடிகாரத்துக்குப் பற்றரி, கறுப்புப் பேனா.

பரமண்ணை செத்து இருபது நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு, ஊரில் எல்லோருக்கும் போல, அவருடைய வாழ்க்கை வரலாறும் நான்தான் எழுத வேண்டுமாம். கனடாவிலிருந்து அவர் மகன் ரவி பேசினான்.

"மாஸ்டர், அப்பாவின்ரை அரசியல் ஒண்டும் வேண்டாம். ரண்டு கட்சியும் அனுதாபச் செய்தி தருகினம். அச்சடிக்கிற செலவு கம்பனி பாக்குமாம்."

நீர்வேலி வாழைக்குலைக்குத் தானே விலை சொல்லித் தானே வாங்கும் கம்பனி. அதற்கு எதிராகத் தோட்டக்காரரைச் சேர்த்துச் சங்கம் கட்டியவர் பரமண்ணை. பெருந்தன்மை.

நாலு மணி. வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டும் சத்தம். சங்கத்தின் துண்டுப்பிரசுரத்தை என்னிடம் திருத்த பரமண்ணை வழக்கமாக வரும் நேரம். எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

மாசி 12, புதன்

பிறப்பு, படிப்பு, திருமணம் எழுதி முடிந்தது. சங்கத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

கம்பனியின் குலைக் கொட்டில் திறப்புவிழா நினைவு. இரண்டு கட்சிக்காரரும் சேர்ந்து ஒரே நாடாவை வெட்டினார்கள். பரமண்ணை என் காதுக்குள்: "கட்சி ரண்டு, கத்தரிக்கோல் ஒண்டு."

கம்பனி முதலாளி கெட்டவரா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "நல்ல மனுசன் மாஸ்டர். நல்ல மனுசனும் இதைத்தான் செய்வான். லாபம் குறைஞ்சா பங்குக்காரங்கள் அவனையும் தூக்கிப் போடுவாங்கள்."

சங்கத்தின் முடிவு: கூட்டாகப் பேசி விலை தீரும் வரை ஒருவரும் ஒரு குலைகூடக் கொடுப்பதில்லை. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தாங்கியது. குலைகள் மரத்திலேயே பழுத்தன. வௌவாலுக்குக் கொண்டாட்டம். நாலாம் கிழமை ஒருவன் கொடுத்தான். அடுத்த நாள் எல்லோரும்.

எழுதியது: "காலத்தின் கோலத்தால் சங்கம் கலைந்தது."

நாலு மணி. மறுபடி ஸ்டாண்ட். பார்க்கப் போகவில்லை.

மாசி 14, வெள்ளி

கோப்பாய் அச்சகம். கட்சிச் செய்திகள் இரண்டும் வந்திருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டிலும் பரமண்ணை "விருந்தோம்பலில் சிறந்த இல்லத்தரசி".

அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். "போன மாசம் ஒரு அம்மாவின்ரை கல்வெட்டுக்கு அடிச்சது மாஸ்டர். அதையே போடச் சொல்லி ரண்டு பேரும் சொன்னவை. பேரை மட்டும் மாத்தினனான்."

நாடாவுக்குப் பிறகு இரண்டு கட்சிக்காரரும் மறுபடி ஒரு கொள்கையில் உடன்பட்டிருக்கிறார்கள். சிரித்தேன். பிறகு என் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய வரியும் எந்தச் சாவுக்கும் பொருந்தும்.

மாசி 15, சனி

வெயில். பரமண்ணையின் மனைவி மணியக்காவிடம் தாள்களை வாசித்துக் காட்டினேன். "காலத்தின் கோலத்தால்" வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"உது ஆரின்ரை வசனம் மாஸ்டர்?"

"என்ரைதான்."

"சங்கம் உடைஞ்ச அண்டைக்கு விடிய ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியைச் சருகாலை மூடிக்கொண்டு பின்னொழுங்கையாலை போனது. இவர் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டு நிண்டவர். பாத்தவர்."

சருகு என் தோட்டத்துச் சருகு. அடியில் பன்னிரண்டு குலை. மகளுக்குப் பரீட்சை, கூரை ஒழுக்கு; காரணங்கள் அன்று நிறைய இருந்தன.

"பிறகேன் அக்கா அவர் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை? ஒவ்வொரு நாளும் வந்தவர்."

"நானும் அவரிட்டைக் கேட்டனான். 'மாஸ்டர் ஊரிலை உள்ள எல்லாரையும் எழுதுறார், ஒரு நாளைக்குத் தன்னையும் எழுதுவார்' எண்டவர்." தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

மாசி 16, ஞாயிறு

வரி மாற்றியாயிற்று: "சங்கத்தின் சொல்லை மீறிக் கம்பனிக்கு முதல் குலையைக் கொடுத்தவன் இதை எழுதுபவன். மற்றவர்கள் என் பின்னால் வந்தார்கள்."

ரவிக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். "கம்பனி காசு தராது மாஸ்டர். உங்களுக்கும் ஊருக்குள்ளை மரியாதை போயிடும்" என்றான். ஓம், போகட்டும் என்றேன். அச்சுச் செலவு என்னுடையது. கட்சிகளின் இல்லத்தரசிகள் இருவரையும் புத்தகத்திலிருந்து நீக்கியாயிற்று.

நாலு மணி. ஸ்டாண்ட் சத்தம். இம்முறை அவர் திருத்தட்டும் என்று தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.