பரண்மேல் பூண்டு

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போன் அப்பாவின் தலைமாட்டில் இருப்பதால் எழுதுகிறேன்.

இங்கே மழை விடவேயில்லை. பரணில் கட்டித் தொங்கவிட்ட பூண்டெல்லாம் அழுகுகிறது. "தீட்டோட எவளோ வீட்டுக்குள்ள ஏறியிருக்கா" என்கிறார் அப்பா.

அது நான்தான் அக்கா. விலக்காகி, ஊருக்கு வெளியே முட்டுவீட்டில் ஒதுங்கி இருந்தபோது பரீட்சை வந்துவிட்டது. நின்றுவிட்டதென்று பொய் சொல்லி, தலைக்குக் குளித்து வீட்டுக்கு வந்தேன். மாதம் திரும்பியும் இன்னும் நிற்கவில்லை. பள்ளிக்கூட மேட்டில் ஏறினால் கண் இருட்டுகிறது.

"என்னடி, உரிச்ச பூண்டாட்டம் வெளுத்துக் கெடக்க? வெரசாத் தூங்கு, படிச்சுக் கிழிச்சது போதும்" என்றாள் அம்மா. சிரித்து வைத்தேன்.

அன்றும் அப்படித்தான். பள்ளிக்கு வந்த நர்ஸ், "யாருக்காவது நிக்காமப் போகுதாம்மா?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே கையைத் தூக்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, துணி எடுக்க என்று சொல்லி என்னைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. டாக்டர் கேட்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பூண்டைப் பற்றி மட்டும் டாக்டரிடம் சொல்ல வேண்டாம், அக்கா.

உன் பின்னாலேயே திரிந்த
தங்கச்சி